சுவிட்ச் போனால் எது நிற்கும்?

அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டு கராஜிலேயே விமானம் கட்டிப் பறக்கலாம். கட்டும் வேலையில் பெரும்பகுதியை, பேச்சுவழக்கில் 51 சதவீதத்தை, கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தனியாட்கள் செய்திருக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் முக்கிய நிபந்தனை. 1953-இல் பால் போபெரெஸ்னி விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கிய ஈ.ஏ.ஏ. சங்கமும், ரிச்சர்ட் வான்குரூன்ஸ்வென் ஒரிகானில் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனமும் இந்த வேலையைச் சம்பளக்காரர்களின் கைக்கு எட்டச் செய்தன. வான்ஸின் ஆர்.வி. வரிசையில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் இதுவரை பறந்திருக்கின்றன.

இறக்கையும் உடற்பகுதியும் வரைபடத்தின்படி உருவாகிவிடும். துளை எங்கே, ரிவெட் எந்த அளவு என்பதெல்லாம் தாளிலேயே இருக்கும். மின்வேலைக்கு வரும்போது கட்டுபவருக்குச் சுதந்திரம் அதிகம். தொழிற்சாலையில் செய்த செஸ்னாவிலோ பைப்பரிலோ ஒரு சுவிட்சை மாற்ற அங்கீகரிக்கப்பட்ட பாகம் வேண்டும். வீட்டில் கட்டிய விமானத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ராணுவத் தரச் சுவிட்சையும் வைக்கலாம், கார் உதிரிபாகக் கடையில் கிடைப்பதையும் வைக்கலாம். அதனால்தான் எந்தச் சுவிட்ச் நல்லது, ஃபியூஸ் போடுவதா சர்க்யூட் பிரேக்கர் போடுவதா என்ற விவாதம் இந்த வட்டாரத்தில் பல பத்தாண்டுகளாக ஓயாமல் நடக்கிறது. அந்த விவாதத்தின் முக்கியமான பக்கங்களை இங்கே பார்க்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எது பழுதாகாது என்று தேடுவதில் செலவாகும் நேரத்தில் பாதியையாவது, எது பழுதானால் எது நிற்கும் என்று வயர் வயராகக் கேட்பதில் செலவிட வேண்டும்.

சாதாரண டாகிள் சுவிட்ச் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியத் தொடங்கும். பின்பக்கம் தட்டையான பித்தளை நாக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும். வயரின் முனையில் கிரிம்ப் செய்த இணைப்பான் அந்த நாக்கில் செருகி உட்காரும். நாக்கு சுவிட்சின் பிளாஸ்டிக் உடலோடு ஒரு ரிவெட்டால் அடித்துப் பிடிக்கப்பட்டிருக்கும். அதே ரிவெட்டின் உள்முனை ஒரு சிறிய சேணம் போன்ற தகட்டைப் பிடித்திருக்கும். அந்தச் சேணத்தின் மேல் ஒரு பித்தளைத் துண்டு ஏற்றப்பலகை மாதிரி இப்படியும் அப்படியும் சாயும். அதன் நுனியில் உள்ள வெள்ளிப் பொட்டு, எதிரே நிலையாக இருக்கும் இன்னொரு வெள்ளிப் பொட்டில் போய் அமரும். மின்னோட்டம் அங்கிருந்து மறுபடி ஒரு ரிவெட், ஒரு நாக்கு, ஒரு இணைப்பான், ஒரு கிரிம்ப் என்று வெளியேறும். விரல் தட்டும்போது சேர்வதும் பிரிவதும் ஒரே ஒரு ஜோடிப் பொட்டுதான். ஆனால் மின்னோட்டம் தாண்டிப்போகும் இணைப்புகள் ஏறத்தாழ பத்து.

சுவிட்ச் தயாரிப்பாளர் தாளில் ஆயிரக்கணக்கான முறை என்று போடும் ஆயுள் அந்த வெள்ளிப் பொட்டுக்கானது. ஒரு தனியார் விமானம் ஆண்டுக்கு ஐம்பது மணி, நூறு மணி பறக்கும். லேண்டிங் லைட் சுவிட்ச் வருஷத்தில் சில நூறு முறை தட்டப்படும். பொட்டு தேய்ந்து சாவதற்கு அதில் வழியே இல்லை. சாவது பெரும்பாலும் ரிவெட்டில்தான். ரிவெட்டின் இறுக்கம் பிளாஸ்டிக்கின் மேல் நிற்கிறது. பிளாஸ்டிக் சூட்டில் கொஞ்சம் இளகும். இளகினால் பிடி தளரும், தளர்ந்தால் மின்தடை கூடும், தடை கூடினால் சூடு இன்னும் கூடும்.

கணக்கையும் பார்த்துவிடலாம். 14 வோல்ட் அமைப்பில் 100 வாட் விளக்கு சுமார் 7 ஆம்பியர் எடுக்கும். தளர்ந்த ரிவெட்டின் தடை ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 0.05 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே மட்டும் 2.45 வாட் வெப்பம் பிறக்கும். கடலை அளவுள்ள ஒரு மூலைக்குள், காற்றோட்டமில்லாத பேனலுக்குப் பின்னால், பிளாஸ்டிக்கைப் பழுப்பாக்க அது போதும். வயரில் ஓடுவதோ அதே 7 ஆம்பியர், உண்மையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. 10 ஆம்பியர் பிரேக்கருக்கு எந்தக் குறையும் தெரியாது. லூஸ் காண்டாக்ட் என்று நாம் அன்றாடம் சொல்லும் இந்த நோயை ஃபியூஸாலோ பிரேக்கராலோ கண்டுபிடிக்கவே முடியாது. பாதுகாப்புச் சாதனம் இருக்கிறது என்ற தைரியத்தில் மலிவான இணைப்பைச் சகித்துக்கொள்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ராணுவத் தரச் சுவிட்சுகள், உதாரணமாக எம்.எஸ். 24523 வரிசை, இந்த இடத்தில் மேலானவை. திருகாணி முனைகள், அடைக்கப்பட்ட உடல், தூசியும் ஈரமும் புகாத நெம்புகோல் எல்லாம் அவற்றில் உண்டு. அவற்றை வாங்குவது தவறில்லை. ஆனால் அந்தச் சுவிட்சில் கைக்கருவியால் அரைகுறையாக நசுக்கிய கிரிம்ப் ஒன்றை மாட்டினால், கொடுத்த காசு அந்தக் கிரிம்பின் தரத்துக்கு இறங்கிவிடும். ராட்செட் கிரிம்ப் கருவி ஒன்று வாங்குவது, பேனலில் உள்ள எல்லாச் சுவிட்சுகளையும் உயர்தரமாக்குவதைவிட அதிகப் பலன் தரும் என்பது என் கணிப்பு.

சுவிட்சின் மேல் அச்சிட்ட எண்ணையும் அப்படியே நம்பக்கூடாது. 125 வோல்ட் ஏ.சி.யில் 10 ஆம்பியர் என்று போட்டிருந்தால், அது வீட்டு மின்சாரத்துக்கான கணக்கு. மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு நூறு தடவைக்கு மேல் பூஜ்யத்தைத் தொடும், அப்போது பொறி தானே அணையும். நேர்திசையில் அந்த உதவி கிடையாது. அமெரிக்க விமானத்துறையான எஃப்.ஏ.ஏ.வின் பராமரிப்புக் கையேடு இதற்கென்றே குறைப்புக் காரணிகளைத் தருகிறது. 24 வோல்ட் அமைப்பில் இழை விளக்குக்குக் காரணி 8, ரிலே, சாலினாய்டு போன்றவற்றுக்கு 4, மோட்டாருக்கு 3. 12 வோல்ட்டில் அவை 5, 2, 2 என்று குறைகின்றன. அதாவது 24 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுக்கும் இழை விளக்குக்கு 16 ஆம்பியர் தாங்கும் சுவிட்ச் வேண்டும். குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் தடை எரியும் இழையினதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருப்பதால், போட்ட கணத்தில் பாயும் மின்னோட்டம் பல மடங்கு. எல்.இ.டி. விளக்குகள் வந்தபிறகு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது.

சுருள் உள்ள சுமைகளின் தொல்லை மட்டும் குறையவில்லை. வெள்ளிப் பொட்டுகளுக்கிடையே வில்பொறி நிலைக்க சுமார் 12 வோல்ட் வேண்டும். 14 வோல்ட் அமைப்பு அந்த விளிம்பில்தான் நிற்கிறது, அதனால் விளக்கைத் துண்டிக்கும்போது பொறி பலவீனமாக இருக்கும். ஸ்டார்ட்டர் ரிலேயின் சுருளைத் துண்டிக்கும்போது கதை வேறு. சுருளில் சேமித்த ஆற்றல் நூற்றுக்கணக்கான வோல்ட்டாக எகிறிப் பொட்டைச் சுட்டுவிடும். சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடு வைத்தால் அது அடங்கிவிடும். இந்தச் சின்ன டயோடின் முக்கியத்துவம் அரசாங்க உத்தரவிலேயே இருக்கிறது. சிறு விமானங்களில் பரவலாக உள்ள ஏ.சி.எஸ். சாவிச் சுவிட்சுகளின் ஸ்டார்ட் முனை பொறியில் கெட்டுப்போவதால், டயோடு பொருத்தவும் 2,000 மணிக்கு ஒருமுறை திறந்து பார்க்கவும் எஃப்.ஏ.ஏ. 1993-இல் ஆணையிட்டது. காசு கொடுத்து வாங்கிய அங்கீகாரம் பெற்ற சுவிட்சையும் இந்த விதி விடவில்லை.

எதிர்த் திசையிலும் ஒரு குழி உண்டு. இன்றைய டிஜிட்டல் கருவிகளுக்குச் சுவிட்சிலிருந்து போவது சக்தியே அல்ல, சில மில்லியாம்பியர் சமிக்ஞை. வெள்ளியின் மேல் காலப்போக்கில் படியும் கருப்பு சல்ஃபைடு படலத்தை ஆம்பியர் கணக்கில் ஓடும் மின்னோட்டம் எரித்துத் துளைத்துவிடும். மில்லியாம்பியரால் அது முடியாது. அங்கே தங்கமுலாம் பூசிய சின்னச் சுவிட்சே சரி. கனமான 20 ஆம்பியர் சுவிட்சைப் பெருமையாக அங்கே வைத்தவர்தான் இரண்டு வருடம் கழித்து, சில நாள் வேலை செய்கிறது சில நாள் செய்யவில்லை என்று தலையைச் சொறிவார்.

இனி பிரேக்கர். பிரேக்கரும் ஃபியூஸும் காப்பது வயரை. கருவியைக் காப்பது அவற்றின் வேலையில் சேராது. இதை ஒப்புக்கொண்டால் விவாதத்தில் பாதி தீர்ந்துவிடும். எஃப்.ஏ.ஏ. கையேட்டின் அட்டவணையில் 22 கேஜ் வயருக்கு 5 ஆம்பியர் பிரேக்கர், 18 கேஜுக்கு 10, 14 கேஜுக்கு 20 என்று வயரை வைத்தே எண் வருகிறது. சிறு விமானங்களில் உள்ள பிரேக்கர் வெப்பத்தால் வளையும் ஈருலோகத் தகட்டை நம்பியது. இரண்டு மடங்கு மின்னோட்டம் ஓடினாலும் தகடு சூடேறி வளையப் பல நொடிகள் பிடிக்கும். ஃபியூஸ் அதைவிட வேகம். பேனலின் சூடும் தகட்டின் கணக்கைக் கொஞ்சம் மாற்றும். வருடக்கணக்கில் ஒருமுறைகூட வெளியே வராத பிரேக்கரின் உள்முனைகளும் மற்றச் சுவிட்சுகளைப் போலவே படலம் பிடிக்கும். ஆண்டுப் பரிசோதனையில் ஒவ்வொன்றையும் சிலமுறை இழுத்து அழுத்துகிற பழக்கம் பல மெக்கானிக்குகளிடம் இருப்பது இதனால்தான். ஆனால் எல்லாப் பிரேக்கரையும் இழுக்க முடியாது. டபிள்யூ 23 வகையைக் கையால் இழுக்கலாம். பார்வைக்கு ஒத்த, விலை குறைந்த டபிள்யூ 58 தானாக ட்ரிப் ஆனால்தான் வெளியே வரும், மற்றபடி உள்ளே அழுத்த மட்டுமே முடியும்.

ஃபியூஸ் கட்சியின் தலைவர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால் கன்சாஸ் மாநிலத்தின் விசிட்டாவைச் சேர்ந்த மின்பொறியாளர் பாப் நக்கல்ஸைச் சொல்லலாம். வீட்டில் விமானம் கட்டுபவர்களுக்காகவே அவர் எழுதிய ‘தி ஏரோஎலெக்ட்ரிக் கனெக்ஷன்’ ஒரு தலைமுறையின் கைநூல். அவர் வாதத்தை என் சொற்களில் சொன்னால் இப்படி வரும். விமானத்தில் எந்த ஒரு கருவி நின்றாலும் பயணம் பத்திரமாக முடியும்படி வயரிங்கை வகுத்துவிடு. அப்படி வகுத்துவிட்டால் பறக்கும்போது எதையும் மறுபடி உயிர்ப்பிக்கத் தேவையில்லை. தேவையில்லை என்றால் பேனலில் முப்பது பிரேக்கர்களை வரிசைகட்டி வைப்பானேன்? கார்களில் உள்ள தகட்டு ஃபியூஸ்களை ஒரு பெட்டியில் போட்டுக் கைக்கெட்டாத இடத்தில் வைத்துவிடலாம். எடை குறைவு, இணைப்புகள் குறைவு, விலையோ பிரேக்கர் விலையில் சொற்பப் பங்கு. ஆல்டர்னேட்டர் செத்தால் பேட்டரியை மட்டும் வைத்து அத்தியாவசியக் கருவிகளை ஓட்ட ‘இ-பஸ்’ எனப்படும் தனிப் பாதை ஒன்றையும் அவர் வரைபடங்கள் தருகின்றன.

எதிர்க்கட்சியின் வாதமும் வெறும் பழமைப்பற்று அல்ல. பேனலில் புகை வாடை வந்தால், சந்தேகப்படும் சுற்றை மட்டும் இழுத்துத் துண்டிக்கப் பிரேக்கர் வழி தருகிறது. ஃபியூஸ்பெட்டிக்காரர் மாஸ்டர் சுவிட்சையே அணைக்க வேண்டியிருக்கும். ஆட்டோபைலட்டோ டிரிம் மோட்டாரோ தறிகெட்டு ஓடினால் அந்த நொடியில் துண்டிக்கக் கைக்கெட்டும் ஏதோவொன்று வேண்டும். ஆல்டர்னேட்டர் ஃபீல்டு சுற்றைப் பொறுத்தவரை நக்கல்ஸ் கட்சிக்காரர்களே பிரேக்கர்தான் வைக்கிறார்கள். ரெகுலேட்டர் கெட்டு மின்னழுத்தம் 16 வோல்ட்டைத் தாண்டினால், அந்தச் சுற்றை வேண்டுமென்றே ஷார்ட் செய்து 5 ஆம்பியர் பிரேக்கரைத் தட்டிவிடுகிற காவல் மின்சுற்று ஒன்று அங்கே காத்திருக்கும். அது தவறாகத் தட்டியிருந்தால் ஒருமுறை மறுபடி அழுத்திப் பார்ப்பது நியாயம். நான் கட்டுபவருக்கு ஆலோசனை சொல்வதானால் டிரிம், ஆட்டோபைலட், ஆல்டர்னேட்டர் ஃபீல்டு இவற்றுக்கு இழுக்கக்கூடிய பிரேக்கர், மற்றதற்கெல்லாம் ஃபியூஸ் என்பேன்.

பிரேக்கரையே சுவிட்சாகவும் பயன்படுத்தும் ஒரு மூன்றாம் வழி உண்டு. டபிள்யூ 31 போன்ற டாகிள் வடிவப் பிரேக்கர்கள் பேனலில் அழகாக இருக்கும், வயர் வேலையும் மிச்சம். ஆனால் தினமும் தட்டுப்படும் பொறியமைப்பும், என்றோ ஒருநாள் சூட்டில் வளையவேண்டிய தகடும் ஒரே சின்ன உடலுக்குள் அடைபடுகின்றன. பீச்கிராஃப்ட் விமானங்கள் பலவற்றில் இருந்த இந்த வகைச் சுவிட்ச்-பிரேக்கர்கள் அளவுமீறிச் சூடாகிப் புகைவதால் அவற்றை மாற்றச் சொல்லி எஃப்.ஏ.ஏ. 2008-இல் ஆணையிட்டது. எனக்கு இந்த வழியில் உடன்பாடில்லை.

பிரேக்கரின் மிகப்பெரிய ஆபத்து அது மறுபடி அழுத்தத் தோதாக இருப்பதுதான். நம் வீடுகளில் எம்.சி.பி. கீழே விழுந்தால் ஏன் விழுந்தது என்று பாராமல் கை தானாகத் தூக்கிவிடுமே, அதே கைதான் விமானத்திலும் இருக்கிறது. 2007 ஜூலை 10 அன்று ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சிலிருந்து ஒரு செஸ்னா 310 கிளம்பியது. முதல்நாள் அதே விமானத்தை ஓட்டிய விமானி புகை வாடை வந்து வானிலை ரேடாரின் பிரேக்கரை இழுத்துவிட்டு, இறங்கியதும் குறையை எழுதி வைத்திருந்தார். பழுது பார்க்கப்படவில்லை. மறுநாள் கிளம்பியபோது அந்தப் பிரேக்கர் மறுபடி அழுத்தப்பட்டிருக்கக்கூடும் என்றும், அதனால் பழுதான வயருக்கு உயிர் வந்திருக்கும் என்றும் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னர் ஆராய்ந்து சொன்னது. புகை எழுந்து சான்ஃபோர்டில் இறங்க முயன்ற விமானம் வீடுகள் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த இருவரும் தரையில் மூவரும் இறந்தார்கள். அது தொழிற்சாலையில் செய்த, சான்றிதழ் பெற்ற விமானம். முதல்நாள் விமானி இழுத்தபோது பிரேக்கர் தன் வேலையை ஒழுங்காகவே செய்திருந்தது.

இதன் பிறகு 2010-இல் எஃப்.ஏ.ஏ. வெளியிட்ட அறிவுரை தெளிவானது. பறக்கும்போது ட்ரிப் ஆன பிரேக்கர் பத்திரமாகப் பறந்து இறங்க இன்றியமையாததாக இல்லாவிட்டால் தொடாதே. இன்றியமையாததாக இருந்தால் புகையோ தீய்ந்த வாடையோ இல்லை என்று உறுதிசெய்து, ஒரு நிமிடமாவது ஆறவிட்டு, ஒரே ஒருமுறை அழுத்து. இந்த அறிவுரையைக் கடைசிவரை பின்பற்றினால் நக்கல்ஸின் முடிவுக்குப் பக்கத்தில்தான் போய் நிற்போம். மறுபடி அழுத்தவே கூடாத பிரேக்கருக்கும் ஃபியூஸுக்கும் விலையைத் தவிரப் பெரிய வித்தியாசம் இல்லை.

1998 செப்டம்பர் 2 அன்று கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையருகே கடலில் விழுந்து 229 பேரைப் பலிகொண்ட சுவிஸ்ஏர் 111 விமானத்தின் விபத்து பிரேக்கரின் இன்னொரு எல்லையைக் காட்டியது. 2003-இல் வெளிவந்த கனடிய விசாரணை அறிக்கையின்படி வயரில் எழுந்த வில்பொறி, அருகிலிருந்த காப்புப் போர்வையைப் பற்றவைத்தது. விமானத்தில் இருந்த வகை பிரேக்கர்கள் எல்லா விதமான வில்பொறியையும் கண்டு துண்டிக்கும் திறனற்றவை. விட்டுவிட்டு அடிக்கும் பொறியின் சராசரி மின்னோட்டம் ஈருலோகத் தகட்டை வளைக்காது. வீட்டில் கட்டிய சிறு விமானத்திலும் இதே தகடுதான். ஆகவே வயரை உலோக விளிம்பில் உராயாமல் கட்டுவதும், கட்டிய இடங்களில் ரப்பர் வளையம் வைப்பதும் எந்தப் பிரேக்கராலும் ஈடுசெய்ய முடியாத வேலைகள்.

எது நின்றால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இஞ்சின் பற்றவைப்பே சிறந்த பாடம். பழைய மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை, தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கும். அதை அணைக்கும் சுவிட்ச் வேலை செய்வது தலைகீழாக: மூடினால் மேக்னெட்டோ எர்த் ஆகி நிற்கும், திறந்தால் ஓடும். சுவிட்ச் கெட்டாலும் வயர் அறுந்தாலும் இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். வானத்தில் இது வரம். தரையில் அதே பழுது ஆளைக் கொல்லும். அணைத்துவிட்டோம் என்று நம்பி புரொபெல்லரைக் கையால் திருப்பும்போது இஞ்சின் உதறி எழும். பெண்டிக்ஸ் நிறுவனத்தின் பற்றவைப்புச் சுவிட்சுகளை 100 மணிக்கு ஒருமுறை உண்மையிலேயே அணைகின்றனவா என்று சோதிக்கச் சொல்லி 1976-லேயே உத்தரவு வந்தது இந்தக் காரணத்தால்.

மின்னணுப் பற்றவைப்பும் மின்னணு எரிபொருள் செலுத்தலும் இந்தத் தர்க்கத்தைப் புரட்டிப்போட்டுவிட்டன. இப்போது சுவிட்ச் மூடியிருந்தால்தான் இஞ்சின் ஓடும். ஒரு தளர்ந்த ரிவெட், ஒரு மோசமான கிரிம்ப், போன ஒரு ஃபியூஸ், எது நடந்தாலும் அந்தச் சுற்று நின்றுவிடும். 2012-இல் வந்த ரோட்டாக்ஸ் 912 ஐ.எஸ். இஞ்சினில் இரண்டு ஜெனரேட்டர்களும், ஏ, பி என்று இரண்டு தனித்தனிக் கட்டுப்பாட்டுப் பாதைகளும், அவற்றுக்குத் தனித்தனிச் சுவிட்சுகளும் உள்ளன. தயாரிப்பாளர் ஏற்கெனவே அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார். பழைய லைக்கமிங் இஞ்சினில் தானே இப்படி ஒரு அமைப்பைப் பொருத்துபவர் அதைத் தானே கேட்டாக வேண்டும். இரண்டு எரிபொருள் பம்பு வைத்து இரண்டையும் ஒரே சுவிட்சின் வழியே ஓட்டினால், பம்பு இரண்டு, பிழைப்பு ஒன்று.

பிரேக்கர்களை நீக்கிவிட்டு மின்னணுப் பெட்டி ஒன்றே எல்லாச் சுற்றுகளையும் கவனிக்கும் வி.பி.-எக்ஸ் போன்ற அமைப்புகளும் பரவியிருக்கின்றன. ஒவ்வொரு சுற்றும் எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்பதைத் திரையில் காட்டுவது அவற்றின் உண்மையான பலம், விளக்கு எரியவில்லை என்பதை இரவு வரும் முன்பே அறியலாம். இஞ்சினை ஓட்டும் சுற்றுகளை மட்டும் அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு பேட்டரியிலிருந்து நேராகக் கொண்டுபோவது நல்லது.

இத்தனையையும் கட்டியவர் மனதில் வைத்திருப்பார். அடுத்து வாங்குபவர்? அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி வீட்டில் கட்டிய விமானங்கள் அந்நாட்டுச் சிறு விமானங்களில் சுமார் பத்தில் ஒரு பங்கு. உயிர்ச்சேதம் கண்ட சிறு விமான விபத்துகளிலோ 2011-இல் அவற்றின் பங்கு 21 சதவீதம். அந்த ஆண்டு ஆராயப்பட்ட இவ்வகை விபத்துகளில் பாதிக்கு மேல், பிறர் கட்டியதை வாங்கியவர்களுடைய விமானங்கள். அவ்விபத்துகளுக்கு மின்வேலை காரணம் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. இஞ்சின் கோளாறும் கட்டுப்பாடு இழப்புமே முன்னால் நிற்கின்றன. ஆனால் வயரிங் வரைபடம் இல்லாமல், கையால் கிறுக்கிய சுருக்கெழுத்துப் பெயர்களோடு ஒரு பேனலைக் கைமாற்றிக் கொடுப்பது வாங்குபவரைக் கண்ணைக் கட்டி அனுப்புவதற்குச் சமம். அவர் முன்னால் உள்ள சுவிட்சில் ‘இ-பஸ்’ என்று எழுதியிருக்கிறது. அது எப்போது போடவேண்டியது, எதை உயிரோடு வைக்கும் என்று சொல்ல ஆளில்லை.

முதல் சோதனைப் பறப்புக்கு முன்பாகவே தரையில் செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. விமானத்தைக் கயிறு போட்டுக் கட்டி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் இருக்கையில் அமர்ந்திருக்க, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எது நிற்கிறது என்று எழுதுவது. பிறகு மாஸ்டர் சுவிட்சை அணைத்துப் பார்ப்பது, ஆல்டர்னேட்டரை அணைத்துப் பார்ப்பது. பாதி நாளில் முடியும். எழுதிய தாளை வயரிங் வரைபடத்தோடு விமானக் கையேட்டில் கட்டிவிட்டால் அடுத்த உரிமையாளருக்கும் அது போய்ச்சேரும். அந்தத் தாளில் ஏதாவது ஒரு ஃபியூஸின் எதிரே இரண்டு பற்றவைப்புகளும் ஒன்றாக நின்றன என்று பதிவானால், பேனலைக் கழற்றி அந்த வயரிங்கை மறுபடி போட வேண்டியதுதான். முதல் பறப்பைச் சில வாரம் தள்ளிவைக்கலாம்.